எண்களின் சாட்சி – 9: நைல் வெள்ளத்தில் நம் மழையைத் தேடியவர்

1899-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர் ஜான் எலியட். அந்த ஆண்டு வழக்கத்தைவிட நல்ல மழை பெய்யும் என்று அவர் முன்னறிவித்தார். மழை பொய்த்தது. குஜராத்திலும் ராஜபுதனத்திலும் கொடும்பஞ்சம் தலைவிரித்தாடியது. விக்கிரம ஆண்டு 1956-இல் வந்ததால் அங்கே அதை ‘சப்பனியா’, அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம் என்கிறார்கள். பத்திரிகைகள் எலியட்டைக் கிழித்துத் தொங்கவிட்டன. பிறகு சில ஆண்டுகள் மழை முன்னறிவிப்பை அரசாங்கம் ரகசியக் காகிதமாகவே வைத்துக்கொண்டது.

இப்படி மானம் போன ஒரு நாற்காலியில்தான் 1904-இல் கில்பர்ட் வாக்கர் வந்து உட்கார்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். பூமராங் எறிந்தால் ஏன் திரும்பி வருகிறது என்று கட்டுரை எழுதியவர், புல்லாங்குழல் பிரியர். வானிலை மட்டும் தெரியாது! ஆனால் அந்த வேலைக்கு அதுவே தகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. எலியட்டிடம் மழையைப் பற்றிக் கருத்துகள் நிறைய இருந்தன. வாக்கரிடம் ஒன்றுமில்லை. ஏன் பெய்கிறது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, எது கூடும்போது மழை கூடுகிறது, எது கூடும்போது குறைகிறது என்று மட்டும் தேடத் தொடங்கினார்.

(இதே வாக்கர்தான் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழக எழுத்தர் ஒருவரின் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர். அந்த எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அவர் பெயர் ராமானுஜன்.)

தேடுவதற்கு வாக்கர் எடுத்த கருவி, போன வாரம் நாம் பார்த்த கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழு. ஒரு மாறி கூடும்போது இன்னொன்றும் நேர்கோட்டில் கூடினால் +1. ஒன்று கூட மற்றது அதே ஒழுங்கில் குறைந்தால் –1. இரண்டுக்கும் நடுவில் பூஜ்யம். இங்கே ஒரு பொடி எச்சரிக்கை: பூஜ்யம் வந்தால் உறவே இல்லை என்று பொருளல்ல, நேர்கோட்டு உறவு இல்லை என்றுதான் பொருள். மழை கூடக் கூட நெல் விளைச்சல் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் பயிர் அழுகும். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கெழு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட வந்து நிற்கலாம்.

சிம்லா அலுவலகத்தின் இந்திய எழுத்தர்கள் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். இமயமலைப் பனி, மொரீஷியஸின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபார் தீவின் மழை, நைல் நதியின் வெள்ளம், ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகம் என்று உலகின் எந்த மூலையில் பதிவேடு இருந்தாலும் விடவில்லை. ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒட்டிப் பார்த்தார்கள். அதே பருவத்தில் மட்டுமல்ல. ஒன்றின் இந்தக் காலாண்டை மற்றதன் அடுத்த காலாண்டோடும் ஒட்டிப் பார்த்தார்கள். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு கெழுவும் கையால் போட்டது.

வாக்கரின் பெருமை இத்தனை கெழுக்களைப் போட்டதில் இல்லை. அவற்றைப் பார்த்து அவர் பயந்ததில் இருக்கிறது. தெருவில் நூறு கிளி ஜோசியர்கள் உட்கார்ந்திருந்தால் ஒருவர் சொன்னது பலித்தே தீரும். பலித்த கிளியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து ‘பார் அதிசயம்!’ என்றால் அது ஏமாற்று. நூற்றுக்கணக்கான கெழுக்களைப் போட்டுவிட்டு, அவற்றில் பெரியதை மட்டும் பொறுக்கி எடுப்பதும் அதுவேதான். 1914-இல் வாக்கர் சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஒரு ஜோடியைச் சோதித்தவர் நம்பக்கூடிய அளவு வேறு. பல ஜோடிகளைச் சோதித்து அவற்றில் பெரியதை எடுத்தவர் நம்பக்கூடிய அளவு வேறு. பின்னவருக்குத் தடைக்கம்பை உயர்த்த வேண்டும், எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம் என்று காட்டினார். புள்ளியியலில் இந்தச் சிக்கலைப் பற்றிப் பின்னாளில் நூலகமே எழுதப்பட்டுவிட்டது. தென் அலைவைவிட இந்தச் சில பக்கங்கள்தான் அவருடைய பெரிய பங்களிப்பு என்பது என் கட்சி.

தென் அலைவு என்றேன் அல்லவா? சல்லடையில் மிஞ்சியது அதுதான். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. பூமியின் பாதியை அடைத்துக்கொண்டு ஆடும் இந்த ஆட்டத்துக்கு 1924-இல் வாக்கர் அந்தப் பெயரை வைத்தார். அதே ஆண்டு இந்தியாவை விட்டுப் போனார்.

ஆனால் எதற்காக வந்தாரோ அந்த மழை முன்னறிவிப்பு முழுதாகக் கைகூடவில்லை. அதற்கு ஒரு காரணம் பின்னர் துறைத் தலைவரான சார்லஸ் நார்மண்டின் எழுத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தென் அலைவு எண்ணுக்கும் அதை அடுத்து வரும் குளிர்கால எண்ணுக்கும் கெழு +0.8. அதற்கு முந்தைய குளிர்காலத்தோடு வெறும் –0.2. நம் பருவமழையும் இந்த ஆட்டத்தோடு சேர்ந்தது என்பதால், அது தனக்கு முன்னால் நடந்ததைவிடப் பின்னால் நடக்கப்போவதோடுதான் அதிகம் ஒட்டுகிறது. அதாவது, இந்தியாவின் மழையை வைத்து உலகத்துக்கு ஜோசியம் சொல்லலாம். உலகத்தை வைத்து இந்தியாவின் மழைக்குச் சொல்வது கடினம். பாவம் வாக்கர்! கெழு ஒரு திசையும் காட்டாது. ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் உள்ள கெழுதான் ‘ஆ’வுக்கும் ‘அ’வுக்கும். எது முந்தியது என்பதை நாள்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1958 நவம்பரில் வாக்கர் இறந்தார். எண்ணைக் கொடுத்தாரே தவிரக் காரணத்தைக் கொடுக்கவில்லை என்ற குறை அவர் கணக்குகளின் மேல் அப்போதும் இருந்தது. அந்தக் குறையை 1969-இல் தீர்த்தவர் யாக்கோப் பியர்க்னஸ். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸையொட்டிக் கடல் சூடாவதை எல் நினோ என்பார்கள். பசிபிக்கின் கிழக்கே நீர் சூடானால், கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம் குறைகிறது. அதனால் மேற்கு நோக்கி வீசும் காற்று தளர்கிறது. காற்று தளர்ந்தால் நீர் இன்னும் சூடாகிறது. மீனவர்களின் சூட்டு நீரும் வாக்கரின் அழுத்த ஆட்டமும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கங்கள் என்று பியர்க்னஸ் காட்டினார். அந்தக் காற்றுச் சுழற்சிக்கு ‘வாக்கர் சுழற்சி’ என்று பெயரும் வைத்தார்.

காரணம் தெரிந்த பிறகாவது எண் அடங்கியதா? இல்லை. 1997-இல் வந்தது நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. வறட்சி வரும் என்று எல்லோரும் கைபிசைந்துகொண்டிருக்க, அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை வழக்கமான அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே பெய்தது. அதைவிட மெலிந்த எல் நினோ வந்த 2002-இல் மழை 19 சதவீதம் குறைந்தது. இந்தியப் பெருங்கடலே தன் பங்குக்கு ஒரு வெப்ப ஊசலாட்டம் வைத்திருப்பதை 1999-இல் கண்டுபிடித்தார்கள். எல் நினோ மழையைப் பறிக்கும்போது சில ஆண்டுகளில் அது திருப்பிக் கொடுக்கிறது. ஐம்பது ஆண்டுத் தரவில் நின்ற கெழு அடுத்த இருபது ஆண்டுகளிலும் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தால் குறியே மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ பகை; நம் வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் நட்பு. எல் நினோ வந்த 2015-இல் நாட்டின் தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைந்தது. அந்த டிசம்பரில் சென்னை என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. நாட்டுக்கு மொத்தமாக ஆண்டு மழையைக் கூட்டி ஒரே கெழு போட்டால், ஒன்றையொன்று இழுக்கும் இந்த இரண்டு உறவுகளும் அதற்குள் கலந்து காணாமல் போகும்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வினாத்தாளில் 20 மாறிகள் இருந்தால் 190 ஜோடிகள் உண்டு. மாறிகளுக்குள் உண்மையில் எந்த உறவும் இல்லாவிட்டாலும், 5 சதவீத அளவுகோலில் ஒன்பது பத்து ஜோடிகளுக்கு மென்பொருள் நட்சத்திரக் குறி போட்டுத் தரும். நட்சத்திரம் விழுந்தவற்றை மட்டும் ஆய்வேட்டில் எழுதி, மற்றவற்றை மூடிவைக்காதீர்கள். மொத்தம் எத்தனை ஜோடிகளைச் சோதித்தீர்கள் என்பதை அட்டவணைக்கு மேலேயே ஒரு வரியில் எழுதுங்கள். வழிகாட்டி கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

(தொடரும்)