ஐந்தாம் வகுப்பில் ‘ஃபெயில்’ போட முடியுமா?

சில தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் ஒரு படிவத்தை நீட்டுகின்றன. ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பிள்ளை தேறாவிட்டால் அதே வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கும். கேட்டால், “சி.பி.எஸ்.இ. ரூல் சார், நாங்க என்ன பண்றது?” என்பார்கள். கையெழுத்துப் போடும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-ல் அதன் 16-வது பிரிவைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் ஆண்டு இறுதித் தேர்வு. தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி. முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்தி வைக்கிற பேச்சே வரும். அதற்கும் அரசின் அனுமதி வேண்டும். யாரையும் நிறுத்த வேண்டாம் என்று அரசு முடிவெடுக்கவும் அதே பிரிவில் இடமிருக்கிறது.

எந்த அரசு? பெற்றோர் பலர் குழம்புவது இங்கேதான். மத்திய அரசே நடத்தும் பள்ளிகளுக்கு மத்திய அரசு. மாநிலத்துக்குள் இருக்கும் மற்றப் பள்ளிகளுக்கு மாநில அரசு. பாடத்திட்டம் யாருடையது என்பதைச் சட்டம் இங்கே பார்ப்பதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நிறுத்தி வைக்கும் விதி கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற பள்ளிகளுக்கு உரியது. நம் தெருமுனையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சி.பி.எஸ்.இ. பள்ளி மத்திய அரசுப் பள்ளி ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்பதையே 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளைக்கு நிலைமை வேறு. அங்கே நிறுத்தி வைக்கலாம். ஆனால் மறுதேர்வு வைக்காமல் முடியாது. நிறுத்தி வைத்த பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று கண்டறிந்து, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் வைத்திருந்து நேரடியாகக் கவனிக்க வேண்டும். இதெல்லாம் நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

“மார்க் இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்பது இன்னொரு மிரட்டல். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது. 2019 திருத்தமும் இதைத் தொடவில்லை. சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வும் பெற்றோருக்கு நேர்காணலும் வைத்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் (13-வது பிரிவு). ஒன்று மட்டும் கவனம்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது.

அரசு எடுக்கும் அடைவுத் தேர்வுகளை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் நடந்தது அப்படிப்பட்ட ஒன்று. மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும் நடக்கும். அளப்பது கல்வி முறையை. இதற்கென்று டியூஷன் வைப்பது வீண் செலவு.

‘ஆல் பாஸ்’ இருக்கிறதே என்று நாமும் சும்மா இருந்துவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை என்றால் அது அந்தப் பிள்ளைக்கு இழப்புதான். ஆனால் அதே வகுப்பில், அதே பாடத்தை, அதே மாதிரி இன்னொரு வருஷம் கேட்க வைப்பது வைத்தியம் ஆகாது. மதிப்பெண் பட்டியலோடு திரும்பிவிடாமல் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சம்மதப் படிவம் வந்தால் கையெழுத்திடாதீர்கள்; எந்த அரசாணையின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 14417 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். சட்டப்படியான புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 32-வது பிரிவு. அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.