ஆலோசகர் எப்போது பேச வேண்டும்?

1990-ல் கேரலி வின்ஸ்டீன், ரிச்சர்ட் ஷ்மிட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நெம்புகோலைக் குறிப்பிட்ட விதத்தில் அசைக்கப் பழக வேண்டும். ஒரு குழுவினருக்கு ஒவ்வொரு முறையும் எங்கே பிசகியது என்று காட்டப்பட்டது. இன்னொரு குழுவினருக்குப் பாதி முறைதான் காட்டினார்கள். அதுவும் முதலில் அடிக்கடி, போகப் போகக் குறைவாக. பயிற்சி நடந்தபோது இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் எதுவும் காட்டாமல் செய்யச் சொன்னபோது, குறைவாகத் திருத்தப்பட்டவர்களே நன்றாகச் செய்தார்கள்.

அமெரிக்கா, கனடா பல்கலைக்கழகங்களில் கினீசியாலஜி, அதாவது மனித உடலின் அசைவை ஆராயும் துறையில் படிக்கிறவர்களுக்கு இந்த வகை ஆய்வுகள் வகுப்புப் பாடம். அதே துறையில் பெரும்பாலும் ஒரு மாணவர் மன்றமும் இருக்கும். மாணவர்களே நிர்வாகிகள், ஆலோசகராக ஒரு பேராசிரியர். வகுப்பில் தான் நடத்துகிற இந்தப் பாடத்தை மன்றத்தில் அவர் கடைப்பிடிக்கிறாரா என்பதில்தான் அந்த மன்றத்தின் உயிர் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் என்று அழைக்கிறோமே, அவருடைய துறையிலிருந்து கிளைத்ததுதான் கினீசியாலஜி. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். கூடைப்பந்து பிறந்த கல்லூரி அது. அந்தக் காலத்து உடற்கல்வி, ஆசிரியர்களை உருவாக்குவதையே முதன்மையாகக் கருதியது. 1964-ல் பெர்க்லி பேராசிரியர் ஃபிராங்க்ளின் ஹென்றி, உடற்கல்வியும் தனக்கென அறிவுப்புலம் உடைய கல்வித்துறைதான் என்று வாதிட்டு எழுதிய கட்டுரை போக்கை மாற்றியது. 1967-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கினீசியாலஜி என்ற பெயரிலேயே ஒரு துறை எழுந்தது. இன்று இதில் உயிர்விசையியல், உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல் எல்லாம் அடக்கம்.

துறை இப்படி விரிந்ததில் ஒரு சிக்கலும் வந்தது. பட்டத்தின் முடிவில் இன்ன வேலை என்று ஒன்றும் காத்திருப்பதில்லை. முதலாண்டில் சேர்கிறவர்களில் பலர் பிசியோதெரபிஸ்ட் ஆகும் கனவோடு வருகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு இப்போது முனைவர் நிலைப் பட்டமே நுழைவாயில். பட்டப்படிப்புக்குப் பிறகு பெரும்பாலும் மூன்று ஆண்டுகள், பெருஞ்செலவு, கடும்போட்டி. விண்ணப்பிக்கும் முன்பே சிகிச்சை நிலையங்களில் உடனிருந்து பார்த்த மணிக்கணக்கையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. இது மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் காலம் கடந்துவிடும். முதலாண்டிலேயே காதில் போடுவது யார்? பெரும்பாலும் பேராசிரியர் அல்ல, மன்றத்தின் மூத்த மாணவர். இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி, செயற்கைக் கால் பொருத்துதல், தொழிற்சாலைகளில் உடல் நோகாதபடி வேலையிடத்தை அமைத்தல் என்று வேறு வழிகளும் உண்டு என்பதை மன்றம் அழைத்து வரும் விருந்தினர்கள் வாயிலாகத்தான் பலர் முதன்முதலில் கேட்கிறார்கள்.

ஒன்டாரியோவில் நிலைமை சற்றுத் தெளிவு. 2007-ல் சட்டம் இயற்றி, 2013 ஏப்ரல் 1 முதல் கினீசியாலஜிஸ்ட் என்பதை அங்கே பதிவு பெற வேண்டிய மருத்துவத்துறைத் தொழிலாக்கினார்கள். டொராண்டோ பகுதித் தமிழ்க் குடும்பங்களில் "படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்று கேட்கும் அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

மன்றத்தின் வேலைகள் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணம். கல்வியாண்டின் தொடக்கத்தில் மேசை போட்டு ஆள் சேர்ப்பது, டி-ஷர்ட் விற்பது, மாணவர் பேரவையிடம் நிதி கேட்டு எழுதுவது, அறை பிடிப்பது. இவற்றுக்குள்தான் தலைமை பழகுகிறது. 1968-ல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போன்ற போட்டிகளுக்குத் தொண்டர்களாகப் போகிறவர்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு விளையாட்டு வீரருக்கு எப்படிச் சொன்னால் புரிகிறது என்பதை நேரில் கற்கிறார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2007-ல் தொடங்கிய 'உடற்பயிற்சியே மருந்து' இயக்கத்துக்குப் பல்கலைக்கழக வளாகப் பிரிவும் உண்டு. நன்றாகச் செய்யும் வளாகங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலத் தகுதி தருகிறார்கள். வளாக மருத்துவமனைக்கு வருகிறவரிடம், வாரத்தில் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. மாணவர், பேராசிரியர், மருத்துவ மையம் மூவரும் கைகோத்தால்தான் அது நடக்கும்.

ஆலோசகருக்குச் சோதனை வருவது இங்கேதான். மருத்துவ மையத்தின் இயக்குநர் அவருக்குத் தெரிந்தவர். ஒரு மின்னஞ்சலில் காரியம் முடிந்துவிடும். மாணவத் தலைவி எழுதினால் பதில் வர இரண்டு வாரம் ஆகலாம், வராமலும் போகலாம். ஆலோசகரே எழுதிவிட்டால் அந்த ஆண்டின் நிகழ்ச்சி அருமையாக நடக்கும். ஆனால் அந்தப் பெண் பட்டம் வாங்கிப் போகும்போது, முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது எப்படி என்பது தெரியாமலே போவாள். பயிற்சி நாளில் எல்லாம் சரியாகத் தெரிந்து, மறுநாள் தடுமாறிய அந்த முதல் குழுவின் நிலை இதுவே. கடிதத்தை அவள் எழுதட்டும். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தரட்டும் அவர். அடுத்த கடிதத்தை அவள் கேட்டால் மட்டும் பார்க்கட்டும்.

எப்போதும் வாய்மூடி இருப்பதும் ஆலோசனை அல்ல. சிக்கலான திறன்களைக் கற்கிற தொடக்கக்காரருக்குக் கூடுதல் வழிகாட்டல் தேவைப்படலாம் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். புதிய பொருளாளரிடம் நிதிப் படிவத்தை நீட்டிவிட்டு நகர்ந்துகொள்வது கைவிடுவதாகும். முதல் முறை பக்கத்தில் உட்கார வேண்டும். பாதுகாப்பில் விலக்கே கிடையாது. வளாக விழாவில் வருவோர் போவோருக்கு உடல்தகுதிச் சோதனை வைக்க மாணவர்கள் ஆசைப்படுவார்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மருந்துகள் பற்றிய கேள்வித்தாளை நிரப்பாத ஒருவரை மூச்சிரைக்க ஓடவிடக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

நிர்வாகிகள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். போன ஆண்டு எந்தப் பேச்சாளர் ஒப்புக்கொண்டார், எந்தக் கடைக்காரர் டி-ஷர்ட்டை நேரத்துக்குத் தந்தார் என்பதெல்லாம் பட்டமளிப்போடு வெளியேறிவிடும். ஆலோசகர் ஒருவரே மிஞ்சுகிறார். எல்லாவற்றையும் அவர் தலையில் சுமப்பதைவிட, பழைய தலைவரும் புதியவரும் சேர்ந்து ஒரு கையேடு எழுதித் தந்தால்தான் பொறுப்பு மாறும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பெரும்பாலான ஆலோசகர்களுக்கு இதற்கெனத் தனி ஊதியம் இல்லை. பதவி உயர்வின்போது ஆய்வு, கற்பித்தல், சேவை என்று மூன்றைப் பார்ப்பார்கள். மன்றப் பணி மூன்றாவதில் சேரும், எடை குறைவாக நிறுக்கப்படுவதும் அதுவே. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிக் கணக்கெடுக்கும் குழுக்கள், அந்த மன்றத்தின் வழியாகப் போன மாணவர்களை அழைத்து, தங்கள் ஆலோசகர் என்ன செய்தார் என்று நேராகக் கேட்கலாம். எதையெல்லாம் செய்யாமல் விட்டார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.