வீட்டுக் கம்பியில்லா இணைய இணைப்பில் தடங்கல்

வீட்டுக் கம்பியில்லா இணைய இணைப்பில் தடங்கல் என்பது, வைஃபை வழியாக இணையத்தைப் பயன்படுத்தும் வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுபடுவதையோ, சில அறைகளில் அல்லது சில நேரங்களில் மட்டும் வேகம் குன்றுவதையோ குறிக்கும். இதன் காரணம் எப்போதும் வானலையில் இருப்பதில்லை. வெளியிலிருந்து வரும் கம்பி, மின்வழங்கல், கணினியின் அமைப்புகள் ஆகியவற்றில் ஏற்படும் பழுதுகளும் பயனருக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. எனவே பழுது எப்பகுதியில் உள்ளது என்று முதலில் பிரித்தறிவதே இதனைச் சரிசெய்வதற்கு அடிப்படை ஆகும். இக்கட்டுரையில் திருநெல்வேலி, தாமிரபரணிப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வீட்டமைப்பும் பருவநிலையும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பின்னணி

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் சீர்தரம் 1997 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பட்டையில் குறைந்த திறன் கொண்ட கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 சனவரியில் வெளியான விதிகள் வழிசெய்தன. அதே மாதத்தில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தனது அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமவிலக்கு 2018 ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பொறியியல் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகின்றது. 2020 இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்புகளும் இணையத்துக்கு மாறின. விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்வதற்கான கெடு முடியும் வேளையில் இணைப்பு அறுந்தால், அதன் விளைவு மாணவரின் சேர்க்கையையே பாதிக்கக்கூடும்.

இணைப்பின் இரு பகுதிகள்

வீட்டு இணைப்பை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம்.

* உட்பகுதி: கணினி அல்லது செல்பேசியிலிருந்து, ரௌட்டர் எனப்படும் திசைவி வரை. இங்குதான் வானலை பயன்படுகின்றது.
* வெளிப்பகுதி: திசைவியிலிருந்து மோடம், தொலைபேசிக் கம்பி அல்லது ஒளியிழை வழியாகச் சேவை வழங்குநர் வரை.

திரையில் தெரியும் வைஃபை குறியீடு உட்பகுதியின் நிலையை மட்டுமே காட்டுகின்றது. வெளிப்பகுதி முற்றிலும் அறுந்திருந்தாலும் அக்குறியீடு முழுமையாகவே தோன்றும். இதை அறியாமையால் பலர் நல்ல நிலையிலுள்ள திசைவியை மாற்றிவிடுகின்றனர்.

பிரித்தறியும் முறை

1. மடிக்கணினியை வலையமைப்புக் கம்பி மூலம் திசைவியுடன் நேரடியாக இணைத்து, அதன் வைஃபையை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். தடங்கல் தொடர்ந்தால் பழுது வானலையில் இல்லை எனலாம்.
2. வைஃபை வழியாகத் திசைவியின் முகவரிக்குப் பிங் கட்டளையை அனுப்ப வேண்டும். பல வீடுகளில் இம்முகவரி 192.168.1.1 ஆக இருக்கும். பதில் சில மில்லி நொடிகளில் சீராக வந்தால் உட்பகுதி நலமாக உள்ளது. நூற்றுக்கணக்கான மில்லி நொடிகள் தாமதமானாலோ, பதில்கள் தொலைந்தாலோ உட்பகுதியை ஆராய வேண்டும்.
3. அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்றுக்குப் பிங் அனுப்ப வேண்டும். திசைவி சீராகப் பதிலளிக்க, வெளி முகவரி பதிலளிக்கத் தவறினால், பழுது பெரும்பாலும் வெளிப்பகுதியைச் சேர்ந்தது.
4. எண் முகவரி பதிலளித்தும் எந்த இணையதளமும் பெயரால் திறக்கவில்லை எனில், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். வழங்கியின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.
5. தடங்கல் ஏற்பட்ட நாள், மணி, அறை, மோடத்தின் விளக்குகள் இருந்த நிலை ஆகியவற்றைச் சில நாட்களுக்குக் குறித்துவைக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வரும் தடங்கலுக்கும் குறிப்பிட்ட அறையில் மட்டும் வரும் தடங்கலுக்கும் காரணங்கள் வேறுவேறானவை.

உட்பகுதியின் காரணங்கள்

வீட்டமைப்பு

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். பின்னது அதிக வேகம் தரவல்லது எனினும் சுவர்களைக் கடக்கையில் கூடுதலாக வலுவிழக்கின்றது. கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் அக்கிரகார வீடுகள் முகப்பில் குறுகியும் பின்னோக்கி நீண்டும் அமைந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. தொலைபேசிக் கம்பி நுழையும் முன்னறையிலேயே திசைவியை வைத்தால், பின்கட்டை அடைவதற்குள் அலை பல தடித்த சுவர்களைக் கடக்க நேரிடுகின்றது. காங்கிரீட் வீடுகளில் கூரைத்தளத்தின் இரும்புக் கம்பிகள் மாடிக்குச் செல்லும் அலையைத் தடுக்கின்றன. இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடுகின்றன. தண்ணீர்த் தொட்டி அதனை உட்கவர்கின்றது.

அலையின் வலிமை டெசிபெல் மில்லிவாட் என்னும் அலகில் எதிர்ம எண்ணாகக் குறிக்கப்படுகின்றது. -50 என்பது வலுவான அலை. -67 அளவில் காணொளி உரையாடல் இயலும். -80 க்குக் கீழே இணைப்பு அறுபடத் தொடங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் குறைவும் திறன் பாதியாவதற்குச் சமம். திசைவியை வீட்டின் நடுவில், ஆளுயரத்துக்கு மேல் வைப்பது முதல் தீர்வாகும். நீண்ட வீடுகளில் கம்பியை உள்ளே இழுத்து இரண்டாவது அணுகுபுள்ளி ஒன்றை அமைப்பது இதனினும் நல்லது. அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவிகளில், இரு பணிகளுக்கும் ஒரே வானொலிப் பகுதியைப் பயன்படுத்துபவை வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்குகின்றன.

குறுக்கீடு

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அலைத்தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஆனால் வைஃபை அலை ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. எனவே 1, 6, 11 ஆகிய தடங்களை ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அண்டை வீட்டார் பயன்படுத்தும் தடத்தை அறிந்து வேறொன்றைத் தேர்வது பயனளிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே பட்டையில் இயங்குகின்றன.

வெளிப்பகுதியின் காரணங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது செப்புத் தொலைபேசிக் கம்பிகளின் இணைப்பு முனைகளில் ஈரம் புகுந்தால் இரைச்சல் மிகுந்து, மோடம் அடிக்கடி தொடர்பை இழக்கும். அக்கம்பியில் தொலைபேசியை எடுத்துக் கேட்டால் கரகரப்பு ஒலி கேட்பது இதன் அறிகுறி. ஒளியிழையில் ஈரத்தால் இவ்வகை இரைச்சல் தோன்றுவதில்லை. ஆயினும் இழை கூர்மையாக வளைந்தாலோ முறிந்தாலோ ஒளி குன்றும். அப்போது பல மோடங்களில் எல்.ஓ.எஸ். எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரியும். இவ்விரண்டையும் சேவை வழங்குநரே சரிசெய்ய இயலும். இடி மின்னலின்போது செப்புக் கம்பியையும் மின்செருகியையும் கழற்றிவைப்பது நன்று.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணியில் வெள்ளம் பெருகி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில் திசைவியின் அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை; மாறாக, முன்பு சரியாக இருந்த அமைப்பும் கெட்டுவிடும்.

மின்வழங்கல்

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களுடன் இணைக்க, பெர்க்கிலி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் நடுப்பகுதியில் நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்தனர். அங்கு ஏற்பட்ட பழுதுகளில் பல, வானலையால் அன்றி மின்னழுத்த ஏற்ற இறக்கங்களால் விளைந்தவை என்று அவர்கள் பதிவு செய்துள்ளனர். வீடுகளுக்கும் இது பொருந்தும். திசைவி தானாக அணைந்து மீண்டும் இயங்கினால் மின்னழுத்தத்தையும் அடாப்டரையும் சோதிக்க வேண்டும். மோடமும் திசைவியும் தனித்தனியாக உள்ள வீடுகளில் இரண்டையும் யு.பி.எஸ். கருவியுடன் இணைக்க வேண்டும். திசைவியை மட்டும் இணைத்தால், மின்தடையின்போது வைஃபை குறியீடு இருந்தும் இணையம் இராது.

இவற்றையும் பார்க்க

* வைஃபை
* திசைவி
* அகலப்பட்டை இணைய அணுக்கம்
* ஒளியிழை