உங்களுக்குத் தெரியுமா? வராதவரும் கேட்கப்படலாம்

இலங்கையின் 1889ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, அழைப்பாணை கிடைத்தும் குறித்த நாளில் மன்றுக்கு வராத எதிராளிக்கு எதிராக, வழக்காளியின் சான்றை மட்டும் கேட்டு, அதாவது ஒருதலை விளக்கம் நடத்தி, தீர்ப்பளிக்கலாம். ஆனால் அத்துடன் அவர் வாய் அடைக்கப்படுவதில்லை. தீர்ப்பின் முடிவைக் கூறும் எழுத்தாணையான தீர்ப்பாணை தம்மிடம் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள், வழக்காளிக்கு அறிவித்து விண்ணப்பித்து, வராமைக்கு நியாயமான காரணம் இருந்ததென மன்றைத் திருப்திப்படுத்தினால், 86(2)ஆம் பிரிவின்கீழ் அத்தீர்ப்பு நீக்கப்படும். தம்பிலுவிலில் வயல் வரம்புக்காக வழக்காடும் விவசாயி ஒருவர், தாம் காய்ச்சலில் கிடந்த நாளுக்கான மருத்துவச் சான்றிதழைக்கூட இதற்கு ஆதாரமாக முன்வைக்கலாம். சொல்வது விளங்காத இடத்தில் கேட்கப்படும் உரிமைக்குப் பொருளில்லை என்பதால், இன்னோர் ஏற்பாடும் இங்கே முக்கியமானது: 1988இன் 16ஆவது திருத்தத்தால் மாற்றப்பட்ட அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, மன்றின் மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு வழங்கும் உரைபெயர்ப்பை உரிமையாக்கியுள்ளது.