யானை நிற்கும் தரை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் நின்றருளும் இடத்துக்கு அத்திகிரி என்று பெயர். ‘ஹஸ்தி’ என்றால் யானை. ஐராவதமே மலையாகிப் பெருமாளைத் தாங்குவதாகச் சொல்வார்கள். இந்த ஊர்த் தறியில் நெய்யும் சேலை முந்தானையிலும் யானை ஜரிகையில் நடை போடுகிறது. யானையை இவ்வளவு கொண்டாடுகிற நாம், உயிருள்ள யானையை எந்தத் தரையில் நிற்க வைக்கிறோம்?

கோயில் யானைக்குப் பெரும்பாலும் வாய்ப்பது பிராகாரத்தின் கருங்கல், வீதியின் தார், கொட்டிலின் சிமென்ட். சர்க்கஸ் கூடாரத்தில்கூட 42 அடி வட்டத்தில் மண்ணையும் மரத்தூளையும் கொட்டிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். குதிரை வழுக்கக் கூடாது, பாய்கிற கால் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தொழில் பாடம். அதற்காக சர்க்கஸ் யானை சுகமாக வாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்தால் அதற்கும் சங்கிலிதான். 1998ல் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்தபோதும் யானை அந்தப் பட்டியலில் இல்லை.

யானையின் பாதத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தூண் போலத் தெரிந்தாலும், உள்ளே எலும்புகள் நுனிவிரலில் நிற்பது போலத்தான் அமைந்திருக்கின்றன. குதிகால் பக்கம் கொழுப்பும் நாரும் சேர்ந்த மெத்தை. காலை ஊன்றினால் பாதம் அகலும், தூக்கினால் சுருங்கும். மண்ணில் நாளெல்லாம் நடப்பதற்காக அமைந்த கால் அது. அதையே சிமென்ட் தரையில் கட்டிப்போட்டால் சுமார் மூன்று டன் எடையும் மூட்டில் இறங்கும். மூத்திரம் தேங்கிய ஈரத்தில் உள்ளங்கால் ஊறி வெடிக்கும். நகத்தோரம் சீழ் பிடிக்கும். முற்றினால் எலும்பு வரை போகும். மூட்டு வலி வந்த யானை படுக்கவே தயங்கும், படுத்தால் எழ முடியாதே என்று. வளர்ப்பு யானைகளின் உயிரைக் குடிப்பதில் கால் நோய்க்குப் பெரிய பங்கு உண்டு.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு 2022ல் பக்தர்கள் சுமார் 12,000 ரூபாயில் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். அந்த அன்பை வணங்குகிறேன். ஆனாலும் செருப்பு நடக்கும்போதுதான் உதவும். மிச்ச நேரமெல்லாம் கால் தரையில்தானே? மூட்டு வலியால் அவதிப்பட்ட காந்திமதி, படுத்தவள் எழ முடியாமல் 2025 ஜனவரி 12 அன்று இறந்தாள். வயது 56.

காஞ்சி காமாட்சி அம்மன் கோயிலில் இருந்த யானைகள் சந்தியா, இந்துமதி, ஜெயந்தி மூவரும் மரக்காணம் அருகே சில காலம் இருந்து, 2019ல் திருச்சி எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையத்துக்குப் போனார்கள். அங்கே காலுக்குக் கீழே காட்டு மண்.

கழுவ வசதி என்பதால்தான் சிமென்ட் போடுகிறார்கள். அது மனிதர்களுக்கான வசதி. அமெரிக்காவின் ஓரிகன் விலங்குக் காட்சியகம் 2015ல் திறந்த யானை வளாகத்தில் சுமார் நான்கு அடி ஆழத்துக்கு மணல் நிரப்பியிருக்கிறது. மணல் மேட்டில் சாய்ந்து படுத்தால் யானைக்கு எழுவது எளிது. ஆனால் மணலைக் கொட்டியதோடு வேலை முடியாது. அடியில் நீர் வடிய வேண்டும், சாணத்தை அன்றன்றே அள்ள வேண்டும், மணலைக் கிளறிக் காயவிட வேண்டும். பாகனுக்கும் அவரது உதவியாளரான காவடிக்கும் கூடுதல் வேலைதான். அதற்கு ஆளும் சம்பளமும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

யானை வைத்திருக்கும் கோயில் நிர்வாகிகளே, உங்கள் கொட்டிலில் பாதித் தரையையாவது பெயர்த்து மணல் நிரப்புங்கள். தும்பிக்கைக்குத் தலை குனியும் பக்தர்களே, அடுத்த முறை அப்படியே யானையின் நகங்களையும் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.