வெள்ளைத் தட்டின் வேலைப்பாடு

நல்ல பீங்கான் சாஸர் ஒன்று கையில் இருந்தால், டீயைக் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வட்டமாக ஒரு விளிம்பு தெரியும். அதன் நுனியில் மட்டும் பளபளப்பு இருக்காது, விரலுக்குச் சொரசொரப்பாகப் படும். மேலே பூசும் மெருகு சூளையில் உருகிக் கண்ணாடியாகிவிடும். நுனியிலும் பூசியிருந்தால் சாஸர் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் சுடுவார்கள்.

பூப்போட்ட தட்டுதான் கலை, வெறும் வெள்ளை ஹோட்டல் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெள்ளைதான் கஷ்டமான வேலை.

சீனக் களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் நைசாக அரைத்துச் சேர்த்து, சுமார் 1,300 டிகிரியில் சுடுகிறார்கள். பெல்ட்ஸ்பார் உருகி மண்ணின் இடுக்குகளை நிரப்பிவிடும். மெல்லிய கிண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரிவது இதனால்தான். களிமண்ணில் இரும்பு கொஞ்சம் கூடினாலும் வெள்ளை மங்கிவிடும். சுடும்போது தட்டு பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். ஓரம் ஒரு பக்கம் தடித்திருந்தால் கோணிக்கொள்ளும். பூவை வரைந்து மறைக்கவும் வழியில்லை. மறைமலை நகரில் கார் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: கதவில் விழும் ட்யூப்லைட்டின் பிம்பம் நெளிந்தால், அங்கே குறை இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைத் தட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்ய வந்திருக்கும் கொரியர்களின் நாட்டில் வெள்ளைப் பீங்கானுக்குத் தனி மரியாதை. ஜோசன் மன்னர்கள் காலத்து ‘நிலா ஜாடி’யில் ஒரு கோடுகூடக் கிடையாது. இரண்டு அரைக்கோளங்களைத் தனித்தனியே வனைந்து நடுவில் ஒட்டுவார்கள். சூளையிலிருந்து வரும்போது இடுப்பில் லேசாகக் கோணியிருக்கும். அந்தக் கோணலைத்தான் அழகென்று கொண்டாடுகிறார்கள். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1935-இல் சியோலில் வாங்கிய ஒரு ஜாடி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நமக்கும் வெள்ளைப் பீங்கான் புதிதல்ல. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா குழுவினர் ஆராய்ந்த சீனப் பீங்கான் ஓடுகளில் வெள்ளையும் உண்டு. அவை பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெண்களிமண் கிடைக்கிறது. பக்கத்திலேயே விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. மண்ணும் கைத்திறனும் இங்கேயே உண்டு. கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு. அடுத்த தடவை பாத்திரக் கடைக்குப் போனால், அச்சுப் பூ ஒட்டிய செட்டை எடுப்பதற்கு முன் ஒரு வெறும் வெள்ளைத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிம்பம் நெளியாமல் ஓடினால், அதையே வாங்குங்கள்.