கால் எழுதும் பரீட்சை!
விமானி ஆக ஒரே ஒரு வாய்ப்பு

பேரையூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டி உழுகிறவரைப் பாருங்கள். இடது கால் கிளட்ச்சில். வலது கால் பிரேக்கில். கை ஸ்டியரிங்கில். கண் முன்னால் வரப்பில். காது பின்னால் கலப்பைச் சத்தத்தில். எல்லாம் ஒரே நேரத்தில்!

போர் விமானியின் வேலையும் இதுதான். ஆனால் அவருக்கு ஒரு விநாடி தவறினாலும் உயிர் போய்விடும்.

இந்தத் திறமை யாரிடம் இருக்கிறது? கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. செய்யச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

துப்பாக்கி வெடித்தது

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். விமானியாக வந்த வாலிபரை உட்கார வைத்து, அவர் எதிர்பாராத நேரத்தில் துப்பாக்கியால் சுட்டார்கள்! கை நடுங்குகிறதா, மூச்சு மாறுகிறதா என்று கருவிகள் காட்டிக் கொடுத்தன.

ஓடும் புள்ளி

நம் நாட்டில் இந்தச் சோதனை மைசூர், டேராடூன், வாரணாசி ஆகிய ஊர்களில் நடக்கிறது. முன்பு தனி யந்திரங்களில் நடந்தது. இப்போது கம்ப்யூட்டரில்.

திரையில் ஒரு புள்ளி தெரியும். அது ஓடிக்கொண்டே இருக்கும். கையில் உள்ள பிடியாலும் காலடியில் உள்ள மிதிகளாலும் அதை நடுக் கட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். திடீரென்று சிவப்பு விளக்கு எரியும். சங்கு ஒலிக்கும். புள்ளியை விடாமல், இடது கையால் அவற்றை நிறுத்த வேண்டும். விளக்கைப் பார்த்தால் புள்ளி ஓடிவிடும். புள்ளியையே பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்!

கை கால் வேகம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொடை 64-ஐத் தாண்டக் கூடாது. கால் குட்டையானால் மிதி எட்டாது. தொடை நீண்டால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாயும்போது முழங்கால் இடிக்கும்.

தோற்றவர் மறுபடி வர முடியாது. வாழ்நாளில் ஒரே முறைதான். விமானப்படையில் வேறு வேலைக்குப் போகலாம். விமானி இருக்கை மட்டும் கிடையாது. இருபது வயதுப் பையனுக்கு இது பெரிய அடிதான். ஆனால் பயிற்சியில் விழுந்து சாவதைவிட, அறையில் தோற்பது மேல் அல்லவா?

ஒன்பதாவது ஆள்

1958-ல் ராமேசுவரத்து வாலிபர் ஒருவர் விமானி ஆகும் ஆசையோடு டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். இடங்கள் 8. அவருக்குக் கிடைத்தது 9-வது இடம்!

மனம் உடைந்து ரிஷிகேசம் போய்க் கங்கையில் குளித்தார். பிறகு டில்லியில் வேலையில் சேர்ந்தார்.

2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். அப்போது அவருக்கு வயது 74. முப்படைகளுக்கும் அவரே தலைவர். பெயர், அப்துல் கலாம்.